அவன் காதுக்குப் பின்னால்

அவன் இப்போது பெரிய ஆள். பாடலாசிரியர் என்று போடுகிறார்கள். இயக்குநர் என்றும் போடுகிறார்கள். மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒட்டியிருந்த அவன் படத்துப் போஸ்டர் ஒரு மழைநாளில் நனைந்து, முனை பிரிந்து தொங்கியது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவன் முகம் அதில் இருந்தது. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த நான் அந்த முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். மூக்கு வரை உரிந்து வந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்ததும் கையை விட்டுவிட்டேன். பல வருஷங்களாக அவனுக்கு எதிராக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதற்கு மேல் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கைப் பெட்டியில் கட்டி லாரியில் ஏற்றும் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஆனால் பாட்டுக் கட்ட வரும். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் கானா பாடுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் ஒரு வரியைப் பாடி முடிக்கும் முன்பே அடுத்த வரி எனக்குள் வந்து நிற்கும். அதை வெளியே விட எனக்கு ஒரு தொண்டை வேண்டியிருந்தது. அந்தத் தொண்டை அவனிடம் இருந்தது.

அவனும் எங்கள் தெருதான். அப்போது ஒரு பிரியாணிக் கடையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தான். மைக் இல்லாமலே அவன் குரல் தெருக்கோடி வரை போகும். கூச்சம் என்பது அவனுக்குக் கிடையவே கிடையாது. பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, செத்தவரின் மனைவி முகத்தை நேராகப் பார்த்துப் பாடுவான். ஆனால் சொந்தமாக ஒரு வரி கட்டத் தெரியாது. கட்டிக் கொடுத்ததை மனப்பாடம் செய்யவும் வராது. எங்களோடு மூன்றாவது ஆள் டோலக் அடிக்கிறவன். பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கம் எல்லோருக்கும் பட்டப்பேர் உண்டு, அவனுக்கும் ஒன்று இருந்தது. இங்கே அவனை டோலக்காரன் என்றே சொல்கிறேன்.

சாவு வீட்டுக்குப் போனதும் பாடுகிறவன் மைக்கைத் தட்டிப் பார்ப்பான். டோலக்காரன் கயிற்றை இழுத்து முறுக்குவான். நான் வீட்டுக்குள் போவேன். பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றால் போதும், கேட்காமலே எல்லாம் காதில் விழும். செத்தவர் எதற்குக் கோபப்படுவார், எந்தக் குழம்பு வைத்தால் இன்னும் கொஞ்சம் கேட்பார், யாரோடு பேசாமலே போய்ச் சேர்ந்தார் எல்லாம் தெரிந்துவிடும். வெளியே வரும்போது வாசலில் கிடக்கும் அவர் செருப்பைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ அதை வைத்து அவர் நடையைச் சொல்லிவிடலாம். ஒன்றை மட்டும் கூச்சத்தை விட்டு வாய் திறந்து கேட்பேன்: அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் என்ன என்று. அந்தப் பேரைச் சொல்லித்தான் பாட்டை முடிக்க வேண்டும். சொல்லாமல் நடுவில் விட்டால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று எங்கள் ஜனங்கள் நம்புவார்கள். அதனால் பாட்டு எடுத்தவன் பேரைச் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. விடமாட்டார்கள்.

பிறகு அவனுக்குப் பின்னால் பாயில் உட்காருவேன். அவன் ஒரு வரி பாடினால் சுற்றி இருக்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அடுத்த வரியை அவன் காதில் கொடுத்துவிட வேண்டும். முழு வரியாகக் கொடுத்தால் குழப்பிவிடுவான். அதனால் பாதி வரி கொடுப்பேன், அதை அவன் பாடும்போதே மீதியைக் கொடுப்பேன். துண்டால் வாயை மறைத்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் அவனுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கும் கூட்டாளி. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. போகப் போக என் வாய்க்கும் அவன் காதுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் சொல்வது அவன் மூளைக்குப் போகாது. காதில் நுழைந்து நேரே தொண்டைக்குப் போய்விடும்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருக்குக் கட்டிய பாட்டு அவரோடு போய்விடும். அதை மறுபடி யாரும் பாடுவதில்லை. வீட்டில் முணுமுணுப்பதுகூட இல்லை. உயிரோடு இருப்பவர்கள் நடுவில் அதைப் பாடுவது பிணத்தின் மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது மாதிரி.

என் அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினாள். ஒருநாள் அவள் வலது கை மோதிர விரல் மெஷினில் போய்விட்டது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் சிரித்தாள்.

"இன்னா நைனா முழிக்கிற? ஒண்ணு மிஷினுக்கு, மிச்சம் நாலு உனுக்கு. சோறு பெசைய நாலு போதும்."

கட்டுப் பிரித்ததும் மறுபடி அதே பட்டறைக்கு, அதே மெஷினுக்குப் போனாள். கல்யாணம் கட்டி நூம்பலுக்குப் போன பிறகும் வேலையை விடவில்லை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் மஞ்சள் காமாலை வந்து அக்கா போய்விட்டாள்.

அவளுக்கும் நாங்கள்தான் பாடினோம். அன்று செருப்பைப் பார்க்கவோ யாரிடமும் விசாரிக்கவோ எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அஞ்சு வெரலு கையோட அம்பத்தூரு போனவளே
ஒத்த வெரல மிஷினுக்குக் குட்த்துபுட்டு வந்தவளே
மிச்சம் நாலு வெரலால எனுக்குச் சோறு போட்டவளே

காதில் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு விம்மல் வந்து வந்து நின்றது. நான் விம்மி நிறுத்திய இடத்திலெல்லாம் அவனும் நிறுத்தினான். எவ்வளவு உருக்கமாக நிறுத்துகிறான் பார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். என் விம்மலுக்கும் அன்று அவன்தான் பேர் வாங்கினான்.

அந்தச் சமயத்தில் அவன் புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தான். பாடும்போது அதை மடியில் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தான். எதற்கு என்று டோலக்காரன் கேட்டதற்கு, சும்மா ஞாபகத்துக்கு என்றான்.

பூந்தமல்லியில் ஒரு சாவு வீட்டில் அவன் குரலைக் கேட்டவர் ஒருவர் சினிமா ஆட்களிடம் கூட்டிப்போனார். முதலில் யூடியூபில் ஒரு ஆல்பம் வந்தது, பிறகு ஒரு குறும்படம். பிறகு பெரிய படத்தில் பாட்டு எழுத வாய்ப்பு வந்தது. அவன் எங்கே எழுதினான்? போனில் இருந்ததைக் கேட்டுக் கேட்டு ஆள் வைத்து எழுத வைத்தான். செத்துப்போன ஒரு கொத்தனாருக்கு நான் கட்டிய பாட்டு ஒரு வில்லனுக்குப் போனது. கொரட்டூரில் செத்துப்போன ஒரு டீ மாஸ்டரின் பாட்டு கதாநாயகனின் அப்பாவுக்குப் போனது. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது டோலக்காரன் என் வீட்டுக்கு வந்து நகத்துப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேட்டிகளில் அவன், தான் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டிய கதையைச் சொல்வான். மெஷின் பக்கம் அவன் போனதே கிடையாது. அதுகூட என் அக்காவிடமிருந்து எடுத்ததுதான்.

பிறகு இயக்குநர் ஆனான். முதல் படத்தில் பாடகனுக்குப் பின்னால் துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு திக்குவாய் வந்தான். தண்ணீர் பாட்டிலைத் தப்பாக நீட்டி அடி வாங்குவான். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திக்காது. ஆனால் அந்தத் துண்டு என்னுடையதுதான். வாயை மறைத்துப் பிடிக்கும் விதம்கூட.

அதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் வேலை முடிந்து பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். குத்துப் பாட்டு. தாளம் வேறு, வேகம் வேறு. ஆனால் வரி எனக்குத் தெரியும்.

அஞ்சு வெரலு ஆட்டிகினு அம்பத்தூரு போறவளே
ஒத்த வெரலு மோதிரத்த எனுக்கு மட்டும் தர்றவளே
மிச்சம் நாலு வெரலால சைகை காட்டிக் கொல்றவளே

என் பக்கத்தில் இருந்த ஒரு பையன் தொடையில் தாளம் போட்டான். மெஷினில் போன அக்கா விரலில், பாட்டைத் திருடியவன் மோதிரம் போட்டுவிட்டிருந்தான். வீட்டில் பிள்ளைகளின் போனில் அந்தப் பாட்டைப் பார்த்தேன். ஒரு பார். ஒரு பெண் மேஜை மேல் ஆடுகிறாள். அந்த வரி வரும்போது ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டுகிறாள்.

அவனைப் பார்க்கப் போனேன். போரூர் பக்கம் அலுவலகம் வைத்திருந்தான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கட்டி வைத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார வைத்தார்கள், டீ வந்தது. அவன் அறைக்குள் என்னைக் கூப்பிட்டபோது நாலைந்து பேர் இருந்தார்கள். என் வாய் ஒட்டிக்கொண்டது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து வந்து தோளில் கை போட்டான்.

"அக்கா பாட்ட ஊரே பாடுது மச்சான். பெருமதானே?"

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆமாம் என்று ஆட்டவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை. எனக்கே தெரியாமல் தலை ஆடியது. அன்றிலிருந்து 'பெருமை' என்ற சொல்லை யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. வேலப்பன்சாவடியில் மண்டபம். தாய்மாமன் என்ற முறையில் எல்லாம் செய்தேன். ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழே இழுத்தபோது அந்தப் பாட்டைப் போட்டார்கள். அவள் வெட்கப்பட்டாள், பிறகு ஆடினாள். அந்த வரி வந்தபோது, படத்தில் வருகிற மாதிரியே, மருதாணி வைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா செத்தபோது அவளை யாரோ இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டை நாங்கள் யாரும் அவள் காதுபடப் பாடியதில்லை. வழக்கத்தை மதித்தவர்கள் நாங்கள். அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் போனது. வழக்கத்தை மிதித்தவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்திருந்தான்.

பந்தியில் இருந்த டோலக்காரன் எச்சில் கையோடு எழுந்து வந்து டிஜே மேஜைக்குக் கீழே குனிந்து ஒயரைப் பிடுங்கினான். மாப்பிள்ளை வீட்டார் குடிகாரன் என்று அவனை வெளியே தள்ளினார்கள். அவன் அன்று குடிக்கவில்லை. வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க அக்காள ஆட வுட்டான், இப்போ பொண்ணையும் ஆட வுட்டான். நீ இன்னும் சும்மா கீற. இன்னா ஜென்மம் மாமே நீ?"

பிறகு அவனே தணிந்து, யாராவது கேமராவோடு வந்தால் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். அவனுக்கு மட்டும்தான் தெரியும், பாட்டெல்லாம் யாருடையது என்று. மற்றவர்களுக்கு நான் தண்ணீர் பாட்டில். ஆனால் கேமராவோடு யாரும் வரவில்லை. அதற்குள் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, பெயிண்ட் வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடந்தான். போன வருஷம் செத்துப்போனான்.

சேதி கேட்டதும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இனிமேல் சாட்சி இல்லை என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் காலையில் போனபோது பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். இயக்குநர் வருகிறார் என்று தெருவே பரபரப்பாக இருந்தது. அவனே பாடப் போகிறானாம். அவன் ஆட்கள் இரண்டு பேர் முன்னமே வந்து கேமராவை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப் படம் வருகிறதாம். பழைய தெருவுக்கு வந்து பழைய கூட்டாளிக்குப் பாடுவதைப் படம் பிடித்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவர்களில் ஒருவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல வீட்டுக்குள் போனேன். சுவரோரம் நிற்கவில்லை. நேராக டோலக்காரன் மனைவியிடம் போய் அவனுக்கு வைத்த பேரைக் கேட்டேன். இத்தனை வருஷம் பழகியும் எனக்கே தெரியாது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பேரைச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவன் பாட வரானாமே. நீ பின்னால குந்தப் போறியா?"

தலையாட்டினேன்.

"அவரு கடைசி வரைக்கும் உங்க அக்கா பாட்டப் பத்தித்தான் பேசிகினு இருந்தாரு" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் அவன் வந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிணத்துக்கு மாலை போட்டான். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தான். கட்டிப்பிடித்து, "பழையபடி பின்னால குந்து மச்சான். நீ இருந்தாத்தான் வரும்" என்றான். காதோடுதான் சொன்னான். போனில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய் இரண்டு படமாகப் பாட்டு ஒன்றும் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். துண்டை வாயில் வைத்தேன். டோலக்காரனின் தம்பி டோலக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தேன்.

டோலு தட்டும் கையி ரெண்டும் தூங்குதடா பொட்டியில
தாளம் கேட்ட தெருவெல்லாம் நிக்குதடா வாசலில

ஜனங்கள் திருப்பிப் பாடினார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவன் குரல் அப்படியேதான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நகத்தில் ஒட்டிய பச்சைப் பெயிண்டைச் சொன்னேன், இடது பக்கம் தேய்ந்த செருப்பைச் சொன்னேன். அவன் உருகி உருகிப் பாடினான். கேமரா அவன் முகத்துக்கு நெருங்கி வந்தது. அப்போது கொடுத்தேன்.

உன் தாளத்துக்குப் பாடினது ஊருக்கெல்லாம் என் தொண்ட
அந்தத் தொண்டைக்குள்ள பாட்டு வச்ச ஆளு இப்போ என் பின்ன

பாடினான். பாடும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தான். கூட்டாளியைப் புகழ்கிற வரி என்று நினைத்திருப்பான். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் துண்டுக்குள் வாய் நிற்கவில்லை. "செத்துப்போன அக்கா பாட்ட" என்று பாதி கொடுத்தேன். பாடினான். "திருடிகினு போனேன்டா" என்று மீதியைக் கொடுத்தேன். அவன் தொண்டை அதையும் பாடி முடித்தது. முடித்த பிறகுதான் மூளைக்குப் போனது.

அவன் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் அத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஜனங்கள் நிற்கவில்லை. வரியைத் திருப்பிப் பாடுவது அவர்கள் பழக்கம். செத்துப்போன அக்கா பாட்டைத் திருடிக்கொண்டு போனேன் என்று தெருவே அவனைப் பார்த்துப் பாடியது. பாடப் பாடத்தான் சிலருக்குப் புரிந்தது. அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தலையைத் திருப்பாமல் பேசினான்.

"இன்னாடா குட்க்கிற? பேரக் குடு, முடிக்கிறேன்."

"பாட்டு முடியல" என்றேன்.

அவனுக்கு டோலக்காரனின் பேர் தெரியாது. எத்தனையோ சாவு வீடுகளில் பக்கத்தில் உட்கார்ந்து டோலக் அடித்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவனுக்கு வைத்த பேர் என்ன என்று இவன் ஒருநாளும் கேட்டதில்லை. பேர் கேட்பது என் வேலை. எழுந்து போகவும் முடியாது. எதிரே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் டோலக்காரன் மனைவி கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோலக் நிற்காமல் முழங்கிக்கொண்டிருந்தது.

அவனாகவே கட்டிப் பார்த்தான். "நண்பா" என்றான். மறுபடி "நண்பா, என் நண்பா" என்றான். ஜனங்கள் அதையும் திருப்பிப் பாடினார்கள். அடுத்தது வரவில்லை. பெரிய பாடலாசிரியருக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ, "இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் காலியா?" என்றார்கள். சாவு வீட்டில் சிரிப்பு எழுந்தது. டோலக்காரன் இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

பிறகு அவன் மெதுவாகச் சாய்ந்து, தன் காதைத் திரும்ப என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

நான் அக்கா பாட்டைக் கொடுத்தேன். முழுவதும் கொடுத்தேன். மோதிரத்தை எடுத்துவிட்டு மெஷினை வைத்தேன். அஞ்சு விரலோடு போனவளையும், ஒரு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவளையும், மிச்ச விரல்களால் சோறு போட்டவளையும் அவன் வாயாலேயே அக்காவிடம் திருப்பிக் கொடுக்க வைத்தேன். ஒரு முறை பாடிய பாட்டை நானும் மறுபடி பாட வைத்துவிட்டேன் என்பது உண்மைதான். ஆனால் சாவுக்குப் பாடிய பாட்டு சாவு வீட்டுக்கே திரும்பி வந்தது. அதில் தப்பு இருந்தால் இருக்கட்டும். இந்த முறை எனக்கு விம்மல் வரவில்லை. அதனால் அவனும் எங்கேயும் நிறுத்தவில்லை.

கடைசியில் டோலக்காரனுக்கு வைத்த பேரையும், அவன் தகப்பன் பேரையும், தெருவையும் கொடுத்தேன். பாடுகிறவன் அதை அப்படியே சொன்னான். பாட்டு முடிந்தது. டோலக்காரன் மனைவி அப்போதுதான் ஐஸ் பெட்டி மேல் விழுந்து அழுதாள்.

பிணத்தை எடுக்கும் முன் அவன் காருக்குப் போய்விட்டான். காரில் ஏறுவதற்குள் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. இப்போதும் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"இன்னா மச்சான், சாவு ஊட்டுல வச்சு இப்டி பண்ட்டியே."

அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட வாய் அன்று ஒட்டவில்லை.

"ஊரே பாட்ச்சு" என்றேன். "பெருமதானே?"

அன்று தெருவில் இருந்த எல்லோருடைய போனிலும் அது இருந்தது. அவன் ஆட்கள் எடுத்ததை வெளியே விடவில்லை. ஆனால் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு பேட்டியில் கேட்டார்களாம். நண்பனுக்காக அந்த நிமிஷத்தில் தானே கற்பனையாகக் கட்டியது என்றானாம். சொல்லட்டும். அவன் இன்னும் படம் எடுக்கிறான், இன்னும் தொப்பி போடுகிறான். ஆனால் நூம்பலிலும் மண்ணூர்பேட்டையிலும் கல்யாணத்துக்கு டிஜே வைக்கிறவர்கள் அந்தக் குத்துப் பாட்டைப் போடுவதில்லை. போட்டால் யாராவது பெரியவர் எழுந்து வந்து, அது சாவுப் பாட்டு, நிறுத்து என்கிறார்.

டோலக்காரனை அடக்கம் செய்த மறுநாள் சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். வீடியோவைப் பார்த்திருக்கிறாள். எனக்குப் போனில் பேச வராது என்று அவளுக்குத் தெரியும், நேராகக் கேட்டாள்.

"மாமா, அது அம்மா பாட்டா?"

ஆமாம் என்றேன்.

"எந்த வெரலு?"

வலது கை மோதிர விரல் என்றேன். அவள் போனை வைக்காமல் அழுதாள். என்னை ஏன் ஆட விட்டாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி என்னிடம் வரக்கூடாது, அவனிடம்தான் போக வேண்டும். அதையும் அவன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

என் மனம் ஆறிவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. என் சாவுக்கு அவன் கட்டாயம் வருவான். கேமரா இல்லாவிட்டாலும், ஊர் என்ன சொல்லும் என்பதற்காகவாவது வருவான். வந்தால் அவனைப் பாடச் சொல்ல வேண்டும் என்று என் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மைக்கைக் கொடுங்கள், நல்ல பாயாகப் போட்டு முன்னால் உட்கார வையுங்கள். அவனுக்குப் பின்னால் மட்டும் யாரும் உட்காரக் கூடாது.